குட்டிக்கு முன்னே வந்த பால்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் செவலைக் கோழி ஒரு தோல்முட்டை போட்டது. கோழி வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓடு இல்லாமல் வெறும் தோலோடு விழுகிற முட்டை அது. கையில் எடுத்தால் தண்ணீர் நிரப்பிய பலூன் போல ஒரு பக்கம் அமுங்கும், இன்னொரு பக்கம் பிதுங்கும், உள்ளே மஞ்சள் கரு நகர்வது விரலுக்குத் தெரியும். அம்மை அதை ஒரு சிரட்டையில் வைத்துக்கொண்டு வந்து, "மக்கா, இதப் பாத்தியா, இந்தக் கோழிக்குச் சுண்ணாம்பு பத்தல. கொளச்சல் பக்கம் போனா கொஞ்சம் சிப்பி கொண்டு வா, இடிச்சுப் போடணும்" என்றாள்.

அக்கா மகன் பக்கத்தில் நின்றான். நாலாம் வகுப்பு. அக்காவுக்கு இது இரண்டாவது, இப்போதுதான் ஏழாவது வாரம், வாந்தி தாங்காமல் அம்மை வீட்டுக்கு வந்திருக்கிறாள், கூடவே இவனும். முட்டையை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "மாமா, இது பாம்பு முட்டை மாதிரியே இருக்கு" என்றான். சரியாகத்தான் சொன்னான். ரப்பர் தோட்டத்தில் சருகுக்கு அடியில் கிடந்த பாம்பு முட்டையை அவன் பார்த்திருக்கிறான், அதுவும் இப்படித் தோலாகத்தான் இருக்கும். நான் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். "பாம்பு மட்டும் இல்லடே, பால் குடுத்து வளக்குற மிருகத்திலயும் சிலது இப்படித்தான் முட்டை போடும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"பொய். குட்டி போட்டாத்தான் பால் வரும். நம்ம ஆடு குட்டி போட்ட பெறவுதானே பால் குடுத்துச்சு?"

அன்று முழுக்க இந்தக் கேள்வியோடு என் பின்னால் சுற்றினான். அவனுக்குச் சொன்னதையும், அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

பையன் சொன்னதில் தப்பு இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுப்பது பாலூட்டி என்றுதான் நமக்கும் சொல்லித் தந்தார்கள். குட்டியும் பாலும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடு மாதிரி மனதில் பதிந்துவிட்டது. ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள், பால் ஊட்டுவது பாலூட்டி. குட்டியைப் பற்றி அதில் ஒரு பேச்சும் கிடையாது. இந்த விஷயத்தில் விளக்கத்தைவிடச் சொல்லே துல்லியம். நம் பழைய இலக்கணக்காரர்கள் இன்னும் சுவாரசியம்: பறப்பவற்றின் இளசுக்குப் பார்ப்பு, பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டு, தவழ்பவற்றுக்கும் அதே பெயர்தான் என்றார்கள். நாமோ அணிலையும் கீரியையும் பிள்ளையாக்கி வைத்திருக்கிறோம், தென்னையைக்கூட விடவில்லை. பிளாட்டிபஸ் என்று முட்டையிடும் பாலூட்டி ஒன்று உண்டு, அது இந்த ஊரில் இருந்திருந்தால் அதன் இளசைக் குட்டி என்பதா பார்ப்பு என்பதா என்று ஏதாவது ஒரு உரையாசிரியர் நாலு பக்கம் எழுதி வைத்திருப்பார்.

சரி, ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். இன்று உயிரோடு இருக்கும் முட்டையிடும் பாலூட்டிகள் ஐந்தே இனம். பிளாட்டிபஸ் ஒன்று, எகிட்னா நான்கு. ஆஸ்திரேலியாவையும் நியூ கினித் தீவையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. பிளாட்டிபஸ் ஆற்றில் வாழ்வது: நீர்நாய் உடம்பு, வாத்து அலகு, தட்டையான வால். எகிட்னா தரையில் எறும்பும் கறையானும் புழுவும் தின்று வாழ்வது. பார்வைக்கு நம் தேரிக்காட்டு முள்ளெலிக்கு அண்ணன் மாதிரி இருக்கும், ஆனால் முள்ளெலி அதைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். பிளாட்டிபஸ் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், ஆற்றங்கரையில் தோண்டிய வளைக்குள் வாலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்து அடைகாக்கும். எகிட்னா ஒரே ஒரு முட்டையைத் தன் வயிற்றில் அந்தக் காலத்துக்கு மட்டும் உருவாகும் ஒரு பைக்குள் இடும். முட்டை ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம், சின்ன நாவல்பழம் அளவு. ஓடு தோல் மாதிரி. பத்து நாளில் பொரியும். வெளியே வருவது அரை கிராம்கூடத் தேறாது, கண் திறந்திருக்காது, உடம்பில் ஒரு மயிர் இருக்காது. முட்டையைக் கிழிக்க அதன் வாய் நுனியில் ஒரு சின்னப் பல் இருக்கும், பல்லிக்குஞ்சுக்கு இருப்பது போல.

இதை மேல்நாட்டு ஆட்கள் நம்பப் பட்ட பாடு தனிக் கதை. 1798-ல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ஜான் ஹண்டர் ஒரு பிளாட்டிபஸ் தோலை இங்கிலாந்துக்கு அனுப்பினார். மறு வருஷம் அதை விவரித்து எழுதிய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, யாரோ வாத்து அலகை ஒரு விலங்கின் தலையில் ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று தனக்கு வந்த சந்தேகத்தையும் மறைக்காமல் எழுதினார். தோல் நிஜம் என்று தெரிந்த பிறகும், அது முட்டையிடுமா குட்டி போடுமா என்ற சண்டை இன்னும் எண்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. 1820-களில் ஜெர்மனியின் மெக்கல் அதன் உடம்பில் பால் சுரப்பி இருப்பதைக் காட்டினார். பால் சுரப்பி இருந்தால் அது முட்டையிட முடியாது என்று ஒரு கூட்டம். முட்டையிடுவதால் அது பால் சுரப்பியாகவே இருக்க முடியாது என்று பிரான்ஸில் ஜோஃப்ராய் செயிண்ட் ஹிலேர் தரப்பு. கவனித்தால் இரண்டு தரப்பும் பேசியது என் மருமகன் பேசியதைத்தான். அது முட்டையிடும் என்று அந்த ஊர்ப் பழங்குடி மக்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், காது கொடுக்க ஆள் இல்லை.

கடைசியில் 1884-ல் வில்லியம் கால்டுவெல் என்ற கேம்பிரிட்ஜ்காரர் (நம்ம இடையன்குடி கால்டுவெல் இல்லை, அவர் அப்போது இங்கே திருநெல்வேலிச் சீமையில் இருந்தார்) குவீன்ஸ்லாந்தில் பழங்குடி ஆட்களை வேலைக்கு வைத்து ஆற்றங்கரை முழுக்கத் தேடி, ஒரு முட்டையை இட்டுவிட்டு அடுத்த முட்டையை வயிற்றில் வைத்திருந்த ஒரு பிளாட்டிபஸ்ஸைச் சுட்டார். நாலே சொல்லில் தந்தி கொடுத்தார். அதன் பொருள்: இவை முட்டையிடுபவை, கரு பிரிவது பறவை முட்டையில் பிரிவது போல, மஞ்சள் கரு பிரியாமல் கிடக்க மேலே ஒரு சின்ன வட்டம் மட்டும் பிரிகிறது. அந்தத் தந்தி செப்டம்பர் 2 அன்று கனடாவின் மாண்ட்ரியலில் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்டது. அதே நாளில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வில்ஹெல்ம் ஹாக்கே என்பவர் எகிட்னாப் பையிலிருந்து எடுத்த முட்டையைச் சபையில் காட்டினார். அவர் பைக்குள் கைவிட்டு முட்டையை எடுத்த அதிர்ச்சியில் விரலை அழுத்தி அதை உடைத்தேவிட்டாராம். தோல்முட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த ஆள் நினைவுதான்.

இனி பையன் கேள்விக்கு வருகிறேன். நம்மில் பலர் மனதில் இருக்கும் படம் இது: முதலில் பல்லி, பாம்பு; அப்புறம் பாதிப் பல்லி பாதிப் பாலூட்டியாகப் பிளாட்டிபஸ்; கடைசியில் ஆடு, மாடு, நாம். இந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். தண்ணீரை விட்டுத் தள்ளி, தரையில் இடக்கூடிய முட்டை சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. கரு தன் தண்ணீரைத் தானே ஒரு பைக்குள் வைத்துக்கொள்ளும் முட்டை அது. (பனிக்குடம் உடைந்தது என்கிறோமே, அதே பைதான்.) அந்த முட்டையிட்ட கூட்டம் அப்போதே இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை பல்லி, பாம்பு, முதலை, பறவை என்று போனது. இன்னொரு கிளை நம்முடையது. நம் கிளையின் பழைய ஆட்கள் பார்க்கப் பல்லி மாதிரி இருந்ததால் பழைய புத்தகங்கள் அவற்றை ஊர்வன என்று எழுதிவிட்டன. முதுகில் பாய் விரித்தது போல நிற்கும் டைமெட்ரோடான் பொம்மை டைனோசர் பெட்டிக்குள் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அது டைனோசரே இல்லை, நம் பக்கத்து ஆள்.

ஆக, முட்டையிடுவது இரண்டு கிளைக்கும் பூர்வீகச் சொத்து. பிளாட்டிபஸ் வம்சம் நம் வம்சத்திலிருந்து பிரிந்து சுமார் 18, 19 கோடி ஆண்டு ஆகிறது. அப்போது இரண்டு பக்கமும் முட்டைதான் இட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் பழக்கத்தை விடவில்லை, நாம் விட்டோம். அதனால் பிளாட்டிபஸ் ஏன் முட்டையிடுகிறது என்ற கேள்வியில் சாரமே இல்லை. கங்காருவும் நாமும் ஏன் நிறுத்தினோம், எப்படி நிறுத்த முடிந்தது என்பதுதான் கேட்க வேண்டியது.

குட்டி போடுவது ஒன்றும் பெரிய வித்தையும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நல்ல பாம்பு முட்டையிடும், கண்ணாடி விரியன் குட்டி போடும், மண்ணுளியும் குட்டிதான். கடற்கரைப் பக்கம் கேட்டால் கடல்பாம்பையும் வயிற்றில் குட்டியோடு வலையில் வரும் சுறாவையும் திருக்கையையும் சொல்வார்கள். பல்லி பாம்பு வகையில் மட்டும் குட்டி போடும் பழக்கம் தனித்தனியாக நூறு தடவைக்கு மேல் தோன்றியிருக்கிறது. ஆனால் விரியன் குட்டி பிறந்த நிமிஷமே தன் பாட்டுக்குப் போய்விடும், தாய்க்கும் அதற்கும் ஒட்டு உறவு இல்லை. குட்டி போடுகிற எல்லாவற்றுக்கும் பால் இல்லை, பால் கொடுக்கிற எல்லாம் குட்டி போடுவதும் இல்லை. அப்படியென்றால் பால் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் அந்தத் தோல்முட்டை எனக்கு உதவியது. காலையில் அதை மருமகன் ஜன்னல் படியில் வைத்திருந்தான். மாசி வெயில், ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து தோட்டமே வெளிச்சமாகக் கிடக்கிற நேரம். மத்தியானத்துக்குள் முட்டையின் மேல் பக்கம் குழி விழுந்தது. சாயங்காலம் சாயா குடிக்கும்போது பார்த்தால் வயசான ஆளின் கன்னம் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. பக்கத்திலேயே கிடந்த நல்ல முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழி முட்டையின் சுண்ணாம்பு ஓடு வெறும் காவல் சுவர் இல்லை, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். பறவைகள் பக்கம் அந்த ஓடு வந்தது. நம் கிளையில் அது வரவே இல்லை, கடைசி வரைக்கும் தோல்முட்டைதான். பாம்புக்குத் தோல்முட்டை போதும்: ஈரமான மண்ணுக்குள், சருகுக்குள் இட்டுவிட்டால் முட்டை மண்ணிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நம் கிளையில் உடம்புச் சூடு ஏறிக்கொண்டே வந்தது, முட்டையும் சின்னது. சூடான தாய் சின்னத் தோல்முட்டையின் மேல் படுத்தால் என்ன ஆகும்? என் ஜன்னல் படியில் நடந்ததுதான் ஆகும்.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த ஓலாவ் ஆஃப்டெடல் 2002-ல் விரிவாக முன்வைத்த கருத்து இதுதான்: முட்டை காயாமல் இருக்கத் தாயின் வயிற்றுத் தோலிலிருந்து கசிந்த ஈரமே பாலின் தொடக்கம். மயிர்க்கால் பக்கத்தில் வியர்வைச் சுரப்பி மாதிரி ஒன்று, அதிலிருந்து கொஞ்சம் நீர், முட்டையின் தோல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அந்த நீரில் கிருமியைக் கொல்லும் சரக்கு சேர்ந்தது, பிறகு சத்து சேர்ந்தது, பொரிந்த குஞ்சும் அதே இடத்தை நக்கியது. ஆக, குட்டி என்ற பேச்சு எழுவதற்கு எவ்வளவோ முன்னால் பால் வந்துவிட்டது, அதுவும் முட்டைக்காக. யாரும் பக்கத்தில் நின்று பார்த்த வழக்கு இல்லை இது, தோலும் சுரப்பியும் புதைபடிவமாக நிற்பதும் இல்லை. ஆனால் சுற்றுச் சாட்சிகள் ஒவ்வொன்றும் வாயை அடைக்கிற மாதிரி இருக்கின்றன. பிளாட்டிபஸ் தாய் இன்றைக்கும் முட்டையிடும் முன் ஈர இலைகளை வாலில் சுருட்டி வளைக்குள் இழுத்துப் போகிறது, வளை ஈரமாக இருப்பதற்காக.

அடுத்த சாட்சி, பிளாட்டிபஸ்ஸுக்கும் எகிட்னாவுக்கும் முலைக்காம்பு கிடையாது. இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். விடியும் முன்னே தலையில் விளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர், பட்டையைச் சீவிவிட்டுச் சிரட்டை வைக்க மறந்துவிட்டார் என்று வையுங்கள். பால் பட்டையின் மேலேயே வழிந்து பரவும். அந்த மாதிரி, வயிற்றுத் தோலில் ஒரு திட்டில் நூறு சின்னத் துளையிலிருந்து பால் கசிந்து மயிர் நனையும், குஞ்சு அதைத்தான் உறிஞ்ச வேண்டும். சிரட்டை, வாய்க்கால் மாதிரி முலைக்காம்பு பின்னால் நம் பக்கத்தில் வந்த வசதி. திறந்து கிடக்கும் பால் கெட்டுப்போகாதா? ரப்பர் பாலுக்கு அமோனியா ஊற்றுவது போல, இந்தப் பாலிலும் ஒரு காவல் இருக்கிறது. முட்டையிடும் பாலூட்டிகளின் பாலில் மட்டும் இருக்கும் ஒரு புரதம் கிருமிகளை அடக்குகிறது. 2018-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதன் வடிவத்தைப் பார்த்தபோது சுருள் சுருளாக இருந்ததாம், அந்தக் காலத்துச் சுருள்முடிக் குழந்தை நட்சத்திரம் ஷர்லி டெம்பிள் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வேறு. கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் லைசோசைம் என்று ஒரு சரக்கு இருக்கிறது, கிருமியின் சுவரை அரிப்பது. நம் கண்ணீரிலும் உண்டு. இந்த லைசோசைமின் மரபணு எப்போதோ இரட்டித்து, அதில் ஒரு பிரதி வேறு வேலைக்குப் போய்விட்டது. என்ன வேலை? பாலில் இருக்கும் சர்க்கரையை, லாக்டோஸை, உண்டாக்க உதவும் புரதமாக மாறிவிட்டது. இந்த இரட்டிப்பு நடந்தது பாலூட்டி என்று ஒன்று வருவதற்கே முன்னால். காலையில் டம்ளரில் இருக்கும் பாலின் லேசான இனிப்புக்கும், பக்கத்துத் தட்டில் இருக்கும் அவித்த முட்டையின் வெள்ளைக்கும் இப்படி ஒரு பங்காளி உறவு இருப்பதை அறிந்த நாளில் நான் கொஞ்ச நேரம் ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மை காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மஞ்சள் கருவின் கதை அக்காவோடு வருகிறது. புதன்கிழமை அவளை மார்த்தாண்டத்தில் ஒரு இடத்தில் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போயிருந்தேன். எடுத்தவர்கள் ஒரு வார்த்தை விளக்காமல் கவரில் போட்டுக் கையில் கொடுத்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தவள் முகம் மாறி, "ஏடே, யோக் சாக் 4 மில்லிமீட்டர்னு போட்டிருக்கே, என்னது இது, கட்டியா?" என்றாள். கட்டியும் இல்லை ஒன்றும் இல்லை. யோக் சாக் என்றால் மஞ்சள் கருவுக்கான பை. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், கருவுக்குப் பக்கத்தில் சின்ன மோதிரம் மாதிரி தெரிவது அதுதான். பை இருக்கிறது, உள்ளே மஞ்சள் கரு இல்லை. முட்டையிட்ட காலத்துப் பாத்திரம், சரக்கு மட்டும் காலி. பாத்திரத்தையும் வீணாக்கவில்லை, குழந்தையின் முதல் இரத்த அணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. இதைச் சொன்னதும் அவளுக்குப் பயம் போய்விட்டது, ஆனால் "எங்கிட்ட முட்டைக்கதை சொல்லாத, வாந்தி வருது" என்றாள்.

மஞ்சள் கருவைச் செய்ய வைட்டலோஜெனின் என்ற புரதம் வேண்டும். கோழியிடம் அதற்கு மூன்று மரபணு. பிளாட்டிபஸ்ஸிடம் வேலை செய்வது ஒன்றே ஒன்று. நம்மிடம் மூன்றும் செத்துவிட்டன, ஆனால் சிதிலம் இன்னும் நம் மரபணுத் தொகுதியில் கிடக்கிறது, இடிந்த வீட்டின் அஸ்திவாரம் மாதிரி. 2008-ல் இதை ஆராய்ந்தவர்கள் போட்ட கணக்குப்படி பாலின் முக்கியப் புரதமான கேசீனின் மரபணுக்கள் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன, நம் கிளையில் மஞ்சள் கரு மரபணுக்கள் கடைசியாகச் செத்தது 3 முதல் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இந்த வரிசையைக் கவனியுங்கள். பால் வந்து நெடுங்காலம் கழித்துத்தான் மஞ்சள் கரு போகிறது. வெளியே வந்ததும் சாப்பாடு உறுதி என்றால் முட்டைக்குள் அவ்வளவு கட்டுச்சோறு எதற்கு? முட்டை சின்னதாகிறது. முட்டை சின்னதானால் தாயின் வயிற்றிலேயே இன்னும் சில நாள் வைத்திருந்து ஊட்டலாம். பிளாட்டிபஸ் அந்தப் பாதி வழியில் நிற்கிறது: அதன் முட்டை கருப்பைக்குள் வரும்போது சுமார் 4 மில்லிமீட்டர்தான் (அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்த அதே கணக்கு, தற்செயல்தான்), அங்கே தாயின் சுரப்பை உறிஞ்சி மூன்று நாலு மடங்கு பெரிதாகிறது. கோழியின் வயிற்றில் முட்டை ஒரு நாள், அடையில் 21 நாள். பிளாட்டிபஸ்ஸுக்கு வயிற்றில் மூன்று வாரம் போல, வெளியே பத்து நாள். கணக்கு அப்படியே தலைகீழ்.

பாலூட்டி ஆகாத நம் பக்கத்து ஆட்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த, சுமார் 18.5 கோடி ஆண்டுப் பழமையான கயெண்டாதீரியம் என்ற விலங்கு. பாலூட்டி இல்லை, ஆனால் பக்கத்து வீடு. 2018-ல் வெளிவந்த ஆய்வில் அந்தத் தாயோடு சேர்ந்து 38 குஞ்சுகள் இருந்தன. முப்பத்தெட்டு! எந்தப் பாலூட்டியும் ஒரு ஈற்றில் சராசரியாக அவ்வளவு போடுவதில்லை. அவ்வளவு பேரையும் பால் கொடுத்தே வளர்த்திருக்க முடியாது என்றுதான் அதைப் படிக்கத் தோன்றுகிறது.

முட்டையிடும் பாலூட்டி வம்சத்தின் எலும்பு நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கன்னியாகுமரிப் பாறை அந்தக் காலத்தில் அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒரே கோண்ட்வானா நிலம், 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தியா அங்கிருந்து கழன்றது. ஆனால் நம் மாவட்டப் பாறைகள் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமிக்கு அடியில் வெந்து உருமாறியவை, அதில் எலும்பைத் தேடுவது பாயசத்தில் அரிசி உமியைத் தேடுவது போல. (யாராவது குமரிக்கண்டத்தை இழுத்துக்கொண்டு வரும் முன் சொல்லிவிடுகிறேன்: லெமூரியா என்ற யோசனையே 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் லெமூர் குரங்கு வகைகள் மடகாஸ்கரிலும் இந்தியப் பக்கமும் இருப்பதை விளக்கப் போட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.) தடயம் கிடைத்ததெல்லாம் தெற்கே: ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 12 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட டீனோலோஃபோஸ், அதே நாட்டு லைட்னிங் ரிட்ஜில் ஓப்பல் கல்லாகவே மாறிப்போன 10 கோடி ஆண்டுப் பழைய ஸ்டெரோபோடான் தாடை, தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் 6 கோடி ஆண்டுப் பழைய பல். ஆக, இந்த வம்சம் ஒரு காலத்தில் தென்கோடி முழுக்கப் பரவியிருந்தது. பழைய பிளாட்டிபஸ்களுக்கு நல்ல கடைவாய்ப் பற்கள் இருந்தன. இப்போது உள்ளதற்குச் சின்ன வயதில் முளைத்து உதிர்ந்துவிடுகிறது.

அப்புறம் ஏன் ஐந்தே ஐந்து? தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்டிகா வழியாகப் பைப்பாலூட்டிகள் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தபோது தரையில் இருந்த பழைய ஆட்கள் இடம் இழந்திருக்கலாம். தப்பியது தண்ணீரில் இருந்தவை என்று 2009-ல் ஒரு ஆய்வு சொன்னது. கங்காரு மாதிரிப் பிராணிகளின் பிஞ்சு முலைக்காம்பைக் கவ்வியபடி பைக்குள் தொங்கும், தாய் முங்கினால் அது செத்துவிடும் (தென் அமெரிக்காவில் பையை இறுக்கி மூடிக்கொண்டு நீந்தும் ஒரே ஒரு விலங்கு உண்டு). முட்டையை வளையில் வைத்துவிட்டு இரை தேடப் போகிறவளுக்கு அந்தக் கவலை இல்லை. எகிட்னாகூட அப்படி நீரில் இருந்த ஒரு மூதாதையிடமிருந்து பிறகு கரையேறியது என்பது அவர்கள் வாதம். எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. பத்தாம்பசலி என்று நாம் நினைக்கிற முட்டைதான் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

பிளாட்டிபஸ்ஸைப் பழைய காலத்து மிச்சம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. முட்டை பழசு, சரி. அதன் அலகில் இரையின் தசை அசையும்போது உண்டாகும் மின்சாரத்தை உணரும் 40,000 உணர்விகள், கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு கலங்கல் தண்ணீரில் வேட்டை. ஆணின் பின்காலில் விஷ முள். ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் நமக்கு இரண்டு, அதற்குப் பத்து. இதெல்லாம் அந்த வம்சம் தனக்கென்று செய்துகொண்டது. ஓட்டு வீட்டில் பழைய அடுக்களையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு மற்ற பக்கமெல்லாம் இரண்டு மாடி எழுப்பியவனை, அடுக்களையை மட்டும் பார்த்துவிட்டுப் பழைய வீட்டுக்காரன் என்போமா?

இதையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: முட்டை காஞ்சு போகாம இருக்க அம்மா வயித்துல இருந்து ஈரம் கசிஞ்சுது, அதான் பின்னால பால் ஆச்சு. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். இரவு எல்லோரும் படுத்த பிறகு, தனக்குக் குடிக்கக் கொடுத்த பாலைக் கொண்டுபோய், ஜன்னல் படியில் சுருங்கிக் கிடந்த தோல்முட்டையின் மேல் விரலால் தொட்டுத் தொட்டுத் தடவியிருக்கிறான். மிச்சத்தைச் சிரட்டையிலேயே ஊற்றிவிட்டான்.

காலையில் ஜன்னலிலிருந்து முற்றம் வரைக்கும் எறும்பு வரிசை. எகிட்னா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கும். அம்மை விளக்குமாற்றோடு வந்து சிரட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அவனை ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கு வேற ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கிடைக்கலியா மக்கா? சிப்பி எங்க?"

சிப்பி இன்னும் வாங்கி வரவில்லை. நேற்று செவலை மறுபடியும் தோல்முட்டை போட்டிருக்கிறது.